பழைய பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கு வயது என்ன? திருப்பிப் பாருங்கள்

பழைய பெட்டியைக் குடையும்போது ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை சிக்கும். யாரோ யாருக்கோ அனுப்பியது, தேதி இருக்காது. முன்பக்கத்து ரோஜாவையும் பூனைக்குட்டியையும் வைத்து வயதைக் கணிக்கப் போனால் ஏமாந்துதான் போவீர்கள், ஏனென்றால் அதே ரோஜாவை நூறு வருஷத்துக்கும் மேலாக அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். விஷயமெல்லாம் பின்பக்கத்தில்தான்.

முதலில் தபால் முத்திரையைத் தேடுங்கள். மங்கலாக இருந்தால் அட்டையைச் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பார்த்தால் ஓரிரு எண்களாவது தெரியும். வருஷம் கிடைத்துவிட்டால் அட்டை அதற்குப் பிந்தியது இல்லை, அவ்வளவுதான் உறுதி. வாங்கிப் பத்து வருஷம் மேசைக்குள் போட்டுவைத்து அப்புறம் அனுப்புகிற ஆட்கள் அன்றும் இருந்திருப்பார்கள் (நானும் அந்த ரகம்தான்).

மடிக்காத தபால் அட்டையா? அப்படியென்றால் பின்பக்கம் நடுவில் செங்குத்துக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஆரம்பத்தில் அந்தப் பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான், சேதி எழுத அனுமதி இல்லை. அதனால் வாழ்த்தைப் படத்தின் ஓரத்தில், பூவுக்கும் இலைக்கும் நடுவே கிடைத்த இடத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி நெருக்கி எழுதியிருப்பார்கள். 1902இல் பிரிட்டனும் 1907இல் அமெரிக்காவும் இடது பாதியைச் சேதிக்கு விட்டுக்கொடுத்தன. ஆக, கோடு இல்லாத அமெரிக்க அட்டை பெரும்பாலும் 1907க்கு முந்தியது. ஓரத்தில் பொடி எழுத்தில் ஜெர்மனியில் அச்சிட்டதாக இருந்தால் 1914க்கு முன்பாக இருக்க வாய்ப்பு அதிகம். வண்ண அச்சில் அந்த ஊர் அச்சகங்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது, முதல் உலகப்போர் வந்து அந்த வியாபாரத்தை முறித்துப் போட்டது.

அடுத்து ஒரு லென்ஸ். ரோஜா இதழில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தாறுமாறாக, கையால் தெளித்த மாதிரி சிதறியிருந்தால் அது கல் அச்சு. பாஸ்டனில் லூயிஸ் பிராங் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படித்தான் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சடித்தார்கள். புள்ளிகள் ஒரே ஒழுங்கில், குட்டிப் பூக்கள் மாதிரி வரிசை கட்டி நின்றால் பிற்காலத்து இயந்திர அச்சு.

மடிக்கிற அட்டைக்குக் கடைசிப் பக்கம் போதும். ஹால்மார்க் கம்பெனி தன் பெயரை அட்டைகளின் பின்னால் போட ஆரம்பித்தது 1928இல். பார்கோடு இருந்தால் கண்டிப்பாக 1974க்கு அப்புறம், ஏனென்றால் கடையில் முதல் பார்கோடு ஸ்கேன் ஆனதே அந்த வருஷம்தான்.

யாராவது ஒரு பிரிட்டிஷ் அட்டையைக் காட்டி, 1830இல் தபாலில் வந்தது என்று விலை சொன்னால் நன்றாக யோசியுங்கள். அங்கே 1840இல் ஒரு பென்னி தபால்தலை வரும்வரை, தூரத்தைப் பொறுத்துக் கட்டணம், அதையும் பெரும்பாலும் பெறுகிறவரே கட்ட வேண்டும். வாழ்த்தும் அனுப்பி அதற்குக் காசும் கேட்டால் யாருக்கு இனிக்கும்? அச்சிட்டு விற்ற முதல் கிறிஸ்துமஸ் அட்டையே 1843இல்தான் வந்தது.

கண்டுபிடித்த வருஷத்தைப் பேனாவால் எழுதிவைக்காதீர்கள். மெல்லிய பென்சிலால், பின்பக்க மூலையில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு.