தூக்கக் கோளாறும் காணொளி வழிகாட்டலும்: எங்கே சறுக்குகிறோம்?

"52 வயது ஆண். தூக்கமின்மை. சோல்பிடெம் தூக்க மாத்திரை கொடுத்தும் பலனில்லை. அடுத்து என்ன மாத்திரை?"

தூக்க மருத்துவ நிபுணர்கள் குடும்ப டாக்டர்களுக்குக் காணொளியில் வழிகாட்டும் கூட்டங்களுக்கு வரும் கேஸ் இப்படி ஒற்றை வரியில் இருந்தால், தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கேட்கும்போதே நோய் என்னவென்று முடிவு கட்டியாகிவிட்டது.

நிபுணர் திருப்பிக் கேட்பார். குறட்டை உண்டா? நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா? இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார்? ரத்த அழுத்தத்துக்கு எத்தனை மாத்திரை? மூன்று மாத்திரைக்கும் அழுத்தம் அடங்கவில்லை, குறட்டை தாங்காமல் மனைவி வேறு அறையில் படுக்கிறார் என்று தெரிந்ததும் கதையே வேறாகிவிடும். தூக்கத்தில் மூச்சுத்தடையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஸ்டாப்-பேங் என்ற 8 கேள்விகளைக் கேட்க இரண்டு நிமிடம் போதும். 5 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மூச்சுத்தடை இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு. இவை கையில் இல்லாமல் கூட்டத்துக்கு வந்தால் எல்லோருக்கும் நேர விரயம்.

அடுத்தது நிபுணர் தரப்புத் தவறு: பாடம் எடுப்பது. இந்த முறையைப் பரவலாக்கிய புராஜெக்ட் எக்கோவை 2003இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கினார். அவருடைய குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர் டாக்டர்கள் கொடுத்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழகக் கிளினிக்குக்குச் சமமாகவே இருந்தது. அங்கே நோயாளி கைமாறவில்லை. சொந்த டாக்டரிடமே இருந்தார், அந்த டாக்டர் கேஸ் கேஸாகக் கற்றுக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் ஸ்லைடு ஓட்டினால் அது வெபினார், அவ்வளவுதான். "என்னிடம் அனுப்பிவிடுங்கள்" என்று ஒவ்வொரு கேஸையும் முடித்தாலும் கூட்டத்துக்கு அர்த்தமில்லை.

சரி, நிஜமாகவே நாள்பட்ட தூக்கமின்மைதான் என்றால்? இங்கே எனக்கு எரிச்சல் தருவது, "காபியைக் குறையுங்கள், போனைத் தள்ளி வையுங்கள்" என்று ஒரு தாளை நீட்டி அனுப்புவது. அது மட்டும் போதாது. மாத்திரை இல்லாமல், தூக்கம் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே சொல்லிவிட்டது. அதில் ஒரு பகுதி, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தை ஒட்டிக் குறைப்பது. எட்டரை மணி நேரம் புரண்டு ஆறு மணி நேரம் தூங்குபவருக்கு, ஆறு மணி நேரம் மட்டுமே படுக்கை. முதல் வாரம் பகலில் கண் சொக்கும், நோயாளி திட்டுவார். வலிப்பு, இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடமும் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களிடமும் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தொடங்கக் கூடாது. நிபுணர் பக்கத்தில் இருப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

வீட்டிலேயே செய்யும் மூச்சுத்தடைப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் கோப்பை மூடுவது இன்னொரு தவறு. அந்தக் கருவி குறைத்துக் காட்டக்கூடும். சந்தேகம் வலுவாக இருந்தால் ஆய்வகத்தில் இரவு முழுக்கப் பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்பு, கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஆய்வகம்தான். கால் குடைச்சலால் தூக்கம் கெடுகிறது என்பவருக்கு மருந்து எழுதுமுன், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நோயாளியின் பெயர் திரையில் தெரியக் கூடாது. ரிப்போர்ட்டின் மூலையில் தெரிந்தாலும் தவறுதான்.

கடைசியாக, கேஸை ஒரே தடவையோடு விட்டுவிடுவது. அந்த 52 வயதுக்காரருக்கு மூச்சுத்தடைதான் என்று தெரிந்து, மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்தாயிற்று என்றால், முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் அதன் பதிவைப் பார்க்க வேண்டும்: இரவுக்கு எத்தனை மணி நேரம் போட்டார், மாஸ்க்கில் காற்று கசிகிறதா? மூக்கு வறண்டு நான்காம் நாளே கருவியைப் பரணில் போட்டிருப்பார். அதை அடுத்த கூட்டத்தில் சொன்னால், ஈரப்பதமூட்டியைக் கூட்டிப் பாருங்கள், வேறு அளவு மாஸ்க் மாட்டிப் பாருங்கள் என்று யாராவது ஒருவர் சொல்வார்.