பவளம் வெளுத்தால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில்) பவளம் வெளுத்ததும் கண்ட மருந்தையும் ஊற்றிவிடாதீர்கள். வெள்ளை டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள்: கண்ணாடி மாதிரி மெல்லிய சதை மூடியிருந்து, பாலிப்களும் (பவளத்தின் குட்டி வாய்களும் விரல்களும்) தலைநீட்டினால் உயிர் இருக்கிறது, உள்ளே வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிதான் குறைந்திருக்கிறது, தேற்றிவிடலாம். வெறும் சுண்ணாம்பு எலும்பு தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது.

அப்புறம், வெளுப்பு எங்கே என்று கவனியுங்கள். விளக்கைப் பார்த்த மேல்பக்கம் மட்டும் வெளுத்து, நிழல் பக்கம் நிறம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகம், குறிப்பாகப் புது எல்இடி மாட்டியிருந்தால். பவளத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, சில வாரங்களில் மெல்ல மேலே ஏற்றலாம். ஒரே சீராக வெளிறி, தண்ணீர்ப் பரிசோதனையில் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம் காட்டினால் பட்டினிதான், மீன் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம் பக்கம் வந்தால் போதும். சூட்டிலும் வெளுக்கும், அதனால் கோடையில் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸ் பக்கம் போகிறதா என்றும் பாருங்கள்.

அடியிலிருந்து சதை உரிந்துகொண்டே வந்தால் ஆல்கலினிட்டியை (தண்ணீரின் காரத்தன்மையை) தினமும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். 8 dKH (அதன் அளவீடு) இருந்தாலும் சரி, 9 இருந்தாலும் சரி, ஏறி இறங்கக் கூடாது. சதை சில மணி நேரத்திலேயே வேகமாக உரிந்தால் காத்திருக்காமல் நல்ல கிளையை வெட்டித் தனியே வையுங்கள்.