அமைச்சர் சம்பளத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

காப்பிக்கடையில் சிங்கப்பூர் அமைச்சர் சம்பளம் பற்றிப் பேச்சு எழுந்தால், பலரும் செய்யும் முதல் தப்பு மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்குவது. பெருக்க வேண்டிய எண் 20.

புதிதாகப் பதவியேற்கும் அமைச்சரின் தரத்துக்கு ‘எம்ஆர்4’ என்று பெயர். மற்ற அரசியல் பதவிகளை அளக்கும் முழக்கோல் இதுதான். 2012 ஜனவரியில் நாடாளுமன்றம் விவாதித்த வெள்ளை அறிக்கை, இத்தரத்துக்கு மாதம் 55,000 வெள்ளி என்று வைத்தது. ஒரு தாளில் எழுதுங்கள். 12 மாதம்: 660,000. பதின்மூன்றாவது மாதம்: 55,000. அரசு ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் அறிவிக்கும் போனஸ் ஒரு மாதம்: 55,000. தனிநபர் செயல்திறன் போனஸ் மூன்று மாதம்: 165,000. தேசிய போனஸ் மூன்று மாதம்: 165,000. கூட்டினால் சரியாக 1.1 மில்லியன் வரும்.

இதில் உறுதியான பங்கு முதல் 13 மாதம் மட்டுமே, அதாவது 715,000 வெள்ளி. செயல்திறன் போனஸும் தேசிய போனஸும் தலா சுழியத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆடும். ஆகவே, சம்பள விகிதத்தில் ஒரு காசு மாறாமலேயே ஓர் ஆண்டு வருமானம் கூடவும் குறையவும் செய்யும். “ஏற்றிவிட்டார்கள்” என்று யாராவது சொன்னால், ஏறியது விகிதமா போனஸா என்று முதலில் கேளுங்கள்.

தேசிய போனஸைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அதற்கு நான்கு அளவீடுகள்: நடுத்தட்டு வருமானத்தின் வளர்ச்சி, அடித்தட்டு 20 விழுக்காட்டினரின் வருமான வளர்ச்சி, வேலையின்மை விகிதம், பொருளியல் வளர்ச்சி. வளர்ச்சி எண்களை விலைவாசி உயர்வைக் கழித்த பிறகே எடுக்க வேண்டும். இதை மறந்தால் கணக்கு தூக்கலாக வந்துவிடும். நான்குக்கும் சம எடை என்பதால், இலக்கைத் தொட்ட ஒவ்வொன்றும் முக்கால் மாதம் தரும். நன்றாகத் தாண்டினால் ஒன்றரை மாதம் வரை. அடித்தட்டு வருமானம் சறுக்கிச் சுழியம் தந்தாலும், பொருளியல் வளர்ச்சி ஒன்றரை மாதம் கொடுத்து, மற்ற இரண்டும் இலக்கைத் தொட்டால் மொத்தம் அதே மூன்று மாதம்தான். இந்த ஏற்பாட்டின் பலவீனம் இது. ஆனாலும் பொருளியல் வளர்ச்சியை மட்டும் பார்த்த முந்தைய போனஸைவிட எவ்வளவோ தேவலை.

பிரதமருக்கு வேலை மதிப்பீடு எழுத மேலே ஆள் இல்லை. அதனால் அவருக்குச் செயல்திறன் போனஸ் கிடையாது. இலக்கைத் தொட்டால் தேசிய போனஸ் ஆறு மாதம். மாதம் 110,000, அதை 20 ஆல் பெருக்கினால் 2.2 மில்லியன்.

அந்த 1.1 மில்லியன் எங்கிருந்து வந்தது? அதிகம் சம்பாதிக்கும் 1,000 சிங்கப்பூர்க் குடிமக்களை வரிசையில் நிறுத்தி, நட்டநடுவில் நிற்பவரின் வருமானத்தை எடுக்கிறார்கள். பொதுச் சேவை என்பதால் அதில் 40 விழுக்காட்டைக் கழிக்கிறார்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 1.1 மில்லியனை 0.6 ஆல் வகுத்தால் அந்த நடு ஆளின் ஆண்டு வருமானம் ஏறக்குறைய 1.83 மில்லியன். 1994இல் தொடங்கிய பழைய முறை ஆறு தொழில்களின் உச்சியில் இருந்த மிகச் சிலரையே பார்த்தது. அவர்களில் சிலரின் அதிர்ஷ்டமே கணக்கைத் தூக்கிவிடும். சம்பளத்தை மறுஆய்வு செய்ய அமைத்த, ஜெரார்ட் ஈ தலைமையிலான குழுதான் ஆயிரம் பேர் கணக்குக்கு மாற்றியது. அமைச்சர்களின் ஓய்வூதியத்தையும் அப்போதே எடுத்துவிட்டார்கள்.

பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. முழக்கோல் நீண்டால், அதாவது ஆயிரம் பேர் கணக்கில் வரும் தொகை கூடினால், சம்பளம் தானாக ஏறுவதில்லை. 2017இல் மறுபடி அளந்தபோது அது 1.2 மில்லியனைத் தொட்டிருந்தது. ஆனால் சம்பளத்தை மாற்றப்போவதில்லை என்று 2018 மார்ச்சில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. குழு பரிந்துரைக்கும், ஏற்பதும் தள்ளிப்போடுவதும் அரசாங்கத்தின் கையில்.

நிரந்தரச் செயலாளர்கள் உள்ளிட்ட மூத்த அதிகாரிகளின் வழி வேறு. அவர்களுக்குப் பதவி உயர்வுதான் பெரிய ஏற்றம். அதற்கு இரண்டு மதிப்பீடு நடக்கும். ஒன்று, இந்த ஆண்டு வேலை எப்படி என்பது. அதே தரத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டு ஒரு குழு வரிசைப்படுத்தும், போனஸ் அதைப் பொறுத்தது. மற்றொன்று ‘சிஇபி’: இவர் பணிக்காலம் முடிவதற்குள் எந்தப் பதவி வரை போகக்கூடும் என்ற கணிப்பு. வேலையில் நல்ல மதிப்பெண் வாங்கியும் ஏணியில் நிற்பவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் தடை இரண்டாவதில் இருக்கும்.

முதல் கணக்கில் ஒரு மாதம் என்று போட்ட ஆண்டு போனஸை அரசாங்கம் ஆண்டு நடுவிலும் இறுதியிலும் அறிவிக்கும். தேசிய சம்பள மன்றத்தின் வழிகாட்டுதலைப் பார்த்து, ஊழியர் சங்கங்களோடு பேசியே முடிவு செய்வார்கள். 2024இல் 0.45 மாதமும் 1.05 மாதமுமாக மொத்தம் ஒன்றரை மாதம். இது கீழேயும் இறங்கும்: 2020இல் ஆண்டு நடு போனஸ் இல்லை, மூத்த அதிகாரிகள் அரை மாதம் முதல் ஒரு மாதம் வரை சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

கணக்குப் பிடிபட்டதா என்று பார்க்க நாடாளுமன்ற உறுப்பினரின் படித்தொகையைப் போட்டுப் பாருங்கள். அது எம்ஆர்4இல் 17.5 விழுக்காடு, 192,500 வெள்ளி. செயல்திறன் போனஸும் தேசிய போனஸும் இல்லாததால் இங்கே வகுக்க வேண்டிய எண் 14. மாதத்துக்கு 13,750 வந்தால் சரி.