ஏரியிலயும் ஆத்துலயும் நாட்டு மீனைத் திரும்ப கொண்டு வர என்ன பண்ணலாம்

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் தென்பெண்ணை ஆத்துக் கரையில இருக்கிற எங்களுக்கு நாட்டு மீனுன்னா விரால், குரவை, கெளுத்தி, ஆரா, அயிரை, உளுவை இதுங்கதான், இப்ப வலை வீசினா பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து வந்த ஜிலேபி மீன் (திலேப்பியா)தான் வருது. ஊர்ப் பசங்க வந்து "அண்ணா, விரால் குஞ்சு வாங்கி விட்டுடலாமா"ன்னு கேக்குறாங்க. விடலாம்பா, ஆனா அது கடைசி வேலை, தங்க இடமில்லாத தண்ணியில குஞ்ச விட்டா அது ஜிலேபிக்கும் கொக்குக்கும் தீனிதான்.

மொதல்ல உங்க தண்ணியில என்ன மீன் இருக்குன்னு பாருங்க. மாசத்துல ஒரு நாள், அதே எடம், அதே வீச்சு வலை, பத்து வீச்சு, வர்ற மீனை போன்ல படம் எடுத்துட்டு நாட்டு மீனை அப்பவே தண்ணியில விட்டுடுங்க, ஒரு வருஷம் எழுதி வச்சாலே எது கொறையுதுன்னு தெரிஞ்சிடும்.

அடுத்தது மடு, அதாவது ஆத்துல ஆழமா தண்ணி நிக்கிற பள்ளம், என்னக் கேட்டா இதுதான் எல்லாத்தவிட முக்கியம். சித்திரை வைகாசியில ஆறு வத்தி மணலா கெடக்கும்போது தாய் மீன் பூராவும் ஒண்ணு ரெண்டு மடுவுலதான் உசுர புடிச்சிட்டு கெடக்கும், அந்த நேரம் பாத்து மோட்டார் வச்சு எறச்சு அள்ளிட்டா அடுத்த மழைக்கு முட்டை போட ஆளே இல்ல. ஊர்ல பேசி ஒரே ஒரு மடுவையாவது மாசியில இருந்து மழை வர்ற வரைக்கும் தொடாம விடுங்க. காஞ்ச முள்ளு வெட்டி உள்ள போட்டா வலை இழுக்க முடியாது, மீனுக்கும் நெழல், ஆனா பச்சை முள்ளு வேணாம், எலை அழுகி தண்ணி கெட்டுடும்.

ஏரி தூர் வாரும்போது ஜேசிபிகாரர் கிட்ட நின்னு சொல்லுங்க, தட்டு மாதிரி சமமா வாராதீங்க, மதகு பக்கம் ஒரு ஆள் ஒசரத்துக்கு மேல ஒரு குழி வேணும், எதிர்ப்பக்கம் கோரையும் அல்லியும் இருக்கிற சரிவு அப்படியே இருக்கட்டும்னு. விரால் அந்த கோரைக்குள்ளதான் முட்டை போடும். குஞ்சு பொரிச்சதும் மேல செவப்பா ஒரு கூட்டம் பந்து மாதிரி நகரும், அடியில தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அந்த நேரத்துல தூண்டில் போட்டு பெருசைப் புடிச்சா அந்தக் குஞ்சுங்க அத்தனையும் போச்சு, தயவு செஞ்சு விட்டுடுங்க.

புதுத்தண்ணி வரும்போது மீன் எதிர்த்து ஏறும். நெடுங்கல் அணைக்கட்டுல இருந்து பாரூர் ஏரிக்கு போற மாதிரி எந்த கால்வாயா இருந்தாலும் சரி, கலிங்குல (ஏரி நெறஞ்சு தண்ணி வெளிய வழியற எடம்) கொசுவலை கட்டி முட்டை மீனை அள்றத மொத ஒரு வாரமாவது நிறுத்துங்க. தடுப்பணை செங்குத்தா இருந்தா கீழ்ப்பக்கம் கல்லு அடுக்கி சரிவு பண்ணித் தரச் சொல்லி நீர்வளத்துறைக்கு மனு குடுங்க, நீங்களா கை வைக்காதீங்க.

குத்தகை ஏலம் வர்றப்ப கிராம சபையில ஒரு விஷயம் பேசியே ஆகணும். எங்க ஏரியில ஒரு தடவ குத்தகைக்கு எடுத்தவரு கட்லா, ரோகுன்னு வளர்ப்பு மீன் விடறதுக்கு முன்னாடி, இருக்கிற மீனைக் கொல்ல இலுப்பைப் புண்ணாக்கு கரைச்சு ஊத்திட்டாரு, மறுநாள் காலையில விராலும் கெளுத்தியும் கரை பூரா வெள்ளையா மல்லாந்து கெடந்தத நான் இன்னும் மறக்கல. இப்படி மருந்து ஊத்தறதும் தோட்டா (வெடி) போடறதும் 1897 மீன்வளச் சட்டத்துலயே குத்தம். நம்மளுது குவாரி வட்டாரம், தோட்டா விஷயத்துல கண்ணு இருக்கணும்.

ஜிலேபி 1952ல நம்ம நாட்டுக்குள்ள வந்தது, முட்டையையும் குஞ்சையும் வாயிலயே வச்சு காப்பாத்தும், அதான் இவ்ளோ பெருகுது. புடிச்சா சின்னதா இருந்தாலும் திரும்ப விடாதீங்க. ஆப்பிரிக்கன் கெளுத்தி வளக்கவே தடை, அதயும் வீட்டுத் தொட்டி மீனையும் ஏரியில கொட்டவே கூடாது.

தண்ணி நல்லா இருக்கான்னு பாக்க விடியறதுக்கு முன்னாடி போங்க, கெண்டையெல்லாம் மேல வந்து வாயப் பொளந்தா ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம், ஆகாயத்தாமரை மூடியிருந்தா பூ பூக்கறதுக்குள்ள வாரி கரைக்கு அந்தப்பக்கம் கொட்டுங்க. ஓசூர்கிட்ட கெலவரப்பள்ளி அணைப் பக்கம் மாதிரி நுரை வந்தா போட்டோ, தேதியோட மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்க.

இதெல்லாம் பண்ணி ரெண்டு மழை பாத்தும் விரால் கண்ணுல படலன்னா அப்ப குஞ்சு விடலாம், அதுவும் வெளியூருது வேணாம், இதே ஆத்து மடுவுல புடிச்ச சோடியா பாத்து விடுங்க.