கிளவுடில் உள்ள குறியாக்கச் சாவிகளுக்குப் பதிவேடு எழுதும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களுக்கும் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதித் தருபவர்கள், தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்களைக் கிளவுடில் குறியாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, வைக்க வேண்டியிருக்கிறது. அதை இயக்கச் சில நிமிடங்கள் போதும். சாவி யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுதிவைப்பதுதான் எளிதில் விடுபட்டுப்போகிறது. அமேசான் கிளவுடின் சாவி மேலாண்மைச் சேவையான கே.எம்.எஸ்.ஸை முன்வைத்து அந்த முறையை விளக்குகிறேன்.

பதிவேட்டில் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதன் பெயர், அது அமேசானின் மும்பை மையத்தில் உள்ளதா ஹைதராபாத் மையத்தில் உள்ளதா, எந்தத் தரவைக் காக்கிறது, பொறுப்பாளர் யார், அவர் இல்லாதபோது யார் என்பனவற்றை எழுதுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுதவே கூடாது.

அணுகல் உரிமைப் பகுதிக்கு மிகுந்த கவனம் தேவை. சாவியை நிர்வகிப்பவருக்குத் தரவைத் திறக்கும் உரிமை வேண்டியதில்லை. அந்த உரிமை மென்பொருளின் ரோலுக்கு, அதாவது மென்பொருள் கிளவுடில் இயங்கும் அடையாளத்துக்கு, மட்டும் போதும். சாவியின் பாலிசியை (யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் விதிகளை) மட்டும் படித்துவிட்டு நிறைவடையாதீர்கள். இயல்பாக அமையும் பாலிசி அனுமதி தரும் அதிகாரத்தை பயனர்களின் உரிமைகளை நிர்வகிக்கும் அமேசானின் ஐ.ஏ.எம். சேவையிடமும் ஒப்படைப்பதால், அங்கே எல்லாச் சாவிகளுக்கும் திறப்புரிமை பெற்ற எவரும் இந்தச் சாவியையும் பயன்படுத்த முடியும். ஆகவே இரண்டு இடங்களையும் பார்த்தே பட்டியலை எழுத வேண்டும்; ஒருவர் வேலையை விட்டு விலகும் நாளிலேயே அதைத் திருத்த வேண்டும்.

தானியங்கிச் சுழற்சியை இயக்கினால், வேறு கால அளவு குறிப்பிடாதவரை, 365 நாட்களுக்கு ஒருமுறை புதிய சாவிப்பொருள் (சாவிக்குள் இருந்து தரவைப் பூட்டும் ரகசியம்) உருவாகும். பழையதும் காக்கப்படுவதால் பழைய தரவு வழக்கம்போலத் திறக்கும்.

அழிப்பு அப்படியல்ல. 7 முதல் 30 நாட்கள் வரையிலான காத்திருப்பு முடிந்தபின், அந்தச் சாவியால் பூட்டிய தரவை யாராலும் மீட்க முடியாது. எனவே முதலில் சாவியை முடக்கி வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். எத்தனை நாள் என்பதைத் தரவின் பயன்பாடே தீர்மானிக்கும்: தீபாவளி போனஸ் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறையே திறக்கப்படுவதால், மூன்று மாதம் யாரும் தொடாத சாவியைத் தேவையற்றது என்று கருதுவது பெரும் தவறாகும்.

சாவியை யார், எப்போது பயன்படுத்தினார் என்று பதியும் அமேசானின் கிளவுட்டிரெயில் சேவையில் நிகழ்வு வரலாறு 90 நாட்களுக்கே கிடைக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் கோருகின்றன. ஆகவே பதிவுகளைத் தனிச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டையும், நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதையும் பதிவேட்டில் சேருங்கள்.

பதிவேட்டை அது விவரிக்கும் சாவியாலேயே பூட்டிவிடாதீர்கள். அச்சுப் பிரதி ஒன்று அலுவலக அலமாரியில் இருக்கட்டும். எழுதி முடித்ததும், அதை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, சோதனைச் சாவி ஒன்றை அந்தப் பக்கங்களை மட்டும் பார்த்து முடக்கி மீண்டும் இயக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.