ரோண்டா: பாலத்தின் மேல் நின்றால் பாலம் தெரியாது

தென் ஸ்பெயினின் மாலகா மாகாணத்தில், குவாதலெவின் ஆறு அறுத்த ஆழமான பிளவின் விளிம்பில் அமைந்திருக்கும் ரோண்டாவுக்கு வருவோர் பலரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து காலையில் பேருந்தேறி, நண்பகல் நெரிசலில், அந்தப் பிளவைக் கடக்கும் ‘புதுப் பாலம்’ எனப்படும் கற்பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். மேலே நிற்பவருக்குப் பள்ளத்தாக்குதான் தெரியும், பாலம் தெரியாது.

பழைய நகரப் பகுதியிலுள்ள மரியா ஆக்சிலியாதோரா சதுக்கத்திலிருந்து கீழே இறங்கும் பாதையில் சிறிது தூரம் சென்றால்தான், 98 மீட்டர் உயரக் கற்கட்டு ஆற்றுப்படுகையிலிருந்தே எழுந்து நிற்பதைக் காண முடியும். 1735இல் அவசரமாகக் கட்டப்பட்ட முந்தைய பாலம் 1741இல் இடிந்து ஏறத்தாழ ஐம்பது பேரைப் பலிகொண்டது என்பதையும், 1751இல் தொடங்கிய இன்றைய பாலம் 1793இல்தான் முடிந்தது என்பதையும் அறிந்தவர்கள், கீழே சிறிய வளைவும் அதன் மேல் நெடிய வளைவுமாக அடுக்கப்பட்ட அந்தக் கட்டுமானத்தைப் பார்த்ததும் அத்தனை ஆண்டுகள் ஏன் ஆயின என்பதைப் புரிந்துகொள்வார்கள். இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம். சரளைக்கல் வழுக்கும் என்பதால் வழவழப்பான அடிப்பாகம் கொண்ட காலணி வேண்டாம். கோடையில் உச்சிவெயில் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மூர் (இடைக்காலத்தில் தென் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்) அரசன் மாளிகை எனப்படும் வீட்டின் தோட்டத்திலிருந்து பாறைக்குள் குடைந்த படிகள் ஆற்றுமட்டம் வரை இறங்குகின்றன. முற்றுகைக் காலத்திலும் ஊருக்குத் தண்ணீர் கிடைக்க அமைத்த வழி அது. படிகள் ஈரமாகவும் ஒரே சீரான உயரமில்லாமலும் இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் தோட்டத்தோடு நின்றுகொள்வதே நல்லது. அவர்கள் 13ஆம் நூற்றாண்டு அரபுக் குளியலகத்தைத் தவறவிடக் கூடாது. வளைகூரையின் நட்சத்திரத் துளைகள் வழியே வெயில் தரையில் விழும் அழகுக்காகவே அங்கு போகலாம்.

மாலை ஆறரை மணிக்கே இரவுச் சாப்பாடு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலான சமையலறைகள் எட்டு மணிக்குப் பிறகே திறக்கும். வாடகைக் காரைப் பழைய நகரின் குறுகலான சந்துகளுக்குள் கொண்டுபோகாமல், புதிய பகுதியிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். ஊர் 700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், குளிர்காலத்தில் கடற்கரைக்கு ஏற்ற மெல்லிய உடையோடு வருவோர் வெயில் சாய்ந்ததும் நடுங்கிப்போவார்கள். கனமான மேலாடை ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.