பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிவாகிவிடும்: அமெரிக்கக் கல்லூரிகள் விண்ணப்பத்தைப் படிக்கும் விதம்

நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளோ யாருக்கு இடம் என்பதை மார்ச் கடைசிக்குள் முடிவு செய்துவிடுகின்றன. அங்கே இளங்கலை படிக்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதுதான்: உங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே உங்களைப் பற்றித் தீர்மானிக்கிறார்கள். அப்படியானால் எதைப் பார்க்கிறார்கள்?

படி 1: தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். 'எர்லி' முறைக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள். பதில் டிசம்பர் நடுவில் வரும். 'ரெகுலர்' முறைக்கு ஜனவரித் தொடக்கத்தை ஒட்டி முடியும். பதில் மார்ச் கடைசியில். எர்லியில் 'எர்லி டிசிஷன்' என்று ஒரு வகை உண்டு; அதில் இடம் கிடைத்தால் அந்தக் கல்லூரியில் சேர்ந்தே ஆக வேண்டும். பணத்தைப் பற்றி வீட்டில் பேசி முடிக்காமல் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

படி 2: பள்ளித் தாள்களை ஜூலையிலேயே கேளுங்கள்

பல கல்லூரிகளில் சேர்க்கை அதிகாரிகள் நாடு, பகுதி வாரியாக விண்ணப்பங்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். இந்தியாவைப் பார்ப்பவர் உங்கள் கோப்பைத் திறந்ததும் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீங்கள் வாங்கிய மதிப்பெண்களில்தான் தொடங்குவார். கூடவே 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற ஓரிரு பக்கத் தாளையும் பார்ப்பார். உங்கள் பள்ளி எந்த போர்டு, என்னென்ன குரூப் உண்டு, மாணவர்கள் பொதுவாக எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இந்தத் தாளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 600க்கு 540 என்பது உங்கள் பள்ளியில் முதலிடமா, நடுவிலா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் நீங்கள் எடுக்கவில்லையா, பள்ளியிலேயே அந்த குரூப் இல்லையா? உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பில் எவ்வளவு தூரம் போனீர்கள் என்றுதான் அவர் எடைபோடுகிறார். நம் பள்ளிகள் பலவற்றில் இப்படி ஒரு தாளே இருக்காது. தலைமையாசிரியரிடம் பொறுமையாக விளக்கித் தயார் செய்யச் சொல்லுங்கள். மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சிலர் பள்ளியில் இல்லையென்றால் அந்தப் பொறுப்பையும் அவரே ஏற்கலாம்.

அப்புறம், ரெகுலரில் போட்டால் அரையாண்டு மதிப்பெண்ணையும் பல கல்லூரிகள் கேட்கும். அது வெறும் பயிற்சித் தேர்வு என்று விட்டுவிடாதீர்கள்.

படி 3: சில நிமிடங்களில் புரியும்படி எழுதுங்கள்

ஒரு கோப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிமிடக் கணக்கு நேரம்தான். சில கல்லூரிகளில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் மதிப்பெண்ணையும் இன்னொருவர் கட்டுரையையும் படித்துப் பேசி முடிவுக்கு வருகிறார்கள். காமன் ஆப்பில் 10 செயல்பாடுகள் வரை எழுதலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். அப்பா கடையில் மாலை நேரம் நிற்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது போன்றவற்றையும் தயங்காமல் போடுங்கள். குடும்பப் பொறுப்புக்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். நவம்பர் கடைசியை ஒட்டி முடியும். எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து அவர்கள் சேர்க்கையை முடிவு செய்வதில்லை.

படி 4: கமிட்டியில் நடப்பது

பல இடங்களில் முதலில் படித்தவர் தன் குறிப்பைச் சேர்க்கைக் கமிட்டியில் வைத்து உங்களுக்காகப் பேசுவார். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால், பெரும்பாலான கல்லூரிகள் அதையும் சேர்த்தே யோசிக்கின்றன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில மட்டுமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே கல்லூரிப் பட்டியல் போடும்போதே இதைப் பாருங்கள்.

படி 5: இடம் கிடைத்த பிறகு

ரெகுலரில் இடம் கிடைத்தவர்கள் பொதுவாக மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பள்ளி வழியாக இறுதி மதிப்பெண்ணை அனுப்ப வேண்டும். அது மோசமாகச் சரிந்திருந்தால் கொடுத்த இடத்தைக் கல்லூரி திரும்பப் பெறலாம். அதனால் டிசம்பரிலேயே நல்ல செய்தி வந்தாலும் பொதுத்தேர்வுக்கு ஒழுங்காகப் படியுங்கள்.